திண்ணையில் விரித்த கடை: வெப் ஹோஸ்டிங் எப்படி நடக்கிறது, இலவசமாகக் கிடைத்தால் எங்கே இடிக்கிறது

கோவில்பட்டியில் எனக்குத் தெரிந்த கடலைமிட்டாய்க் கடைக்காரர் ஒருவர் இருக்கிறார். அப்பா காலத்துக் கடை. நான் அவரை அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். அவருக்கு நான் தம்பி. ஒரு நாள் காலையில் அவரிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, நம் கடை வெப்சைட்டைக் காணவில்லை."

அவர் சொன்ன முகவரியைத் தட்டிப் பார்த்தேன். கடையின் பெயர், ஒரு புள்ளி, பிறகு நான் கேள்விப்பட்டிராத ஏதோ நிறுவனத்தின் பெயர், இன்னொரு புள்ளி என்று நீண்டுகொண்டே போன முகவரி. திறந்தால் 'இந்தக் கணக்கு முடக்கப்பட்டுள்ளது' என்று ஒற்றை வரி. அதற்குக் கீழே உடனடிக் கடன் தருவதாக ஒரு விளம்பரமும், சீட்டாட அழைக்கும் இன்னொரு விளம்பரமும் மின்னிக்கொண்டிருந்தன. கடலைமிட்டாயைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஒரு பையன் ஆறாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு செய்துகொடுத்த தளம் அது. அவனுக்கு வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டான். பழைய எண்ணில் கிடைக்கவில்லை. கடவுச்சொல் என்ன என்று கேட்டேன். "அதெல்லாம் அவனிடம்தான் இருக்கிறது" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "காசு கொடுத்து வாங்கிய வெப்சைட் தம்பி அது. எனக்குச் சொந்தம் இல்லையா?" என்று கேட்டார்.

ஒரே வரியில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. 'வாங்கிய' என்ற சொல்லில்தான் சிக்கலே இருந்தது. படித்தவர்கள், கணினியோடு அன்றாடம் புழங்குகிறவர்கள்கூட "வெப்சைட் வாங்கினேன்", "டொமைனில் ஏற்றினேன்", "கூகுளில் போட்டேன்" என்றெல்லாம் எதையோ எதோடோ சேர்த்துப் பேசுகிறார்கள். அண்ணாச்சிக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

வெப்சைட் ஒரு பொருள் இல்லை, மூன்று

கடையை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு பெயரும் முகவரியும் உண்டு. நிற்பதற்கு ஒரு கட்டடம் உண்டு. உள்ளே சரக்கு உண்டு. இந்த மூன்றும் வெவ்வேறு ஆட்களுக்குச் சொந்தமாக இருக்கலாம். கட்டடம் வாடகைக்கு எடுத்ததாக இருக்கும். சரக்கு உங்களுடையதாக இருக்கும். பெயரைப் பங்காளி ஒருவர் தன் பெயரில் பதிந்து வைத்திருப்பார். எல்லாம் நன்றாக நடக்கும்வரை இந்தப் பிரிவினை யார் கண்ணுக்கும் தெரியாது. கட்டடக்காரர் பூட்டைத் தொங்கவிடும் அன்றுதான் தெரியும்.

இணையதளமும் அப்படித்தான். மக்கள் தட்டி வரும் பெயர் டொமைன். தளத்தின் கோப்புகளை வைத்திருந்து, கேட்பவர்களுக்கு எடுத்துக் கொடுக்கும் இடத்தைத் தரும் சேவை ஹோஸ்டிங். எழுத்து, படங்கள், விலைப்பட்டியல், பக்கத்தின் அமைப்பு எல்லாம் சேர்ந்த சரக்குதான் கோப்புகள்.

டொமைனை ஒரு நிறுவனத்திடமும் ஹோஸ்டிங்கை இன்னொரு நிறுவனத்திடமும் எடுக்கலாம். கோப்புகளை உங்கள் வீட்டுக் கணினியில் தயார்செய்யலாம். இவற்றை ஒன்றோடு ஒன்று இணைப்பது ஒரு சின்ன அமைப்புதான். அதற்குக் கீழே வருகிறேன். அண்ணாச்சியின் கதையில் பெயரும் இடமும் யாரோ ஒரு இலவச நிறுவனத்துடையவை. சரக்கு அவருடையதுதான், ஆனால் சாவி பையனிடம்.

இடம் என்பது எங்கோ ஓடும் ஒரு கணினி

'இணையத்தில் இருக்கிறது', 'கிளவுடில் இருக்கிறது' என்று சொல்லும்போது ஏதோ ஆகாயத்தில் மிதப்பதுபோல் ஒரு நினைப்பு வருகிறது. மேகமும் இல்லை, ஒன்றும் இல்லை. எங்கோ ஒரு கட்டடத்தில், குளிரூட்டிய அறையில், இரும்பு அலமாரிகளில் அடுக்கி வைத்த கணினிகள். அதில் ஒன்றின் வட்டில்தான் உங்கள் கோப்பு கிடக்கிறது. யாராவது கேட்டால் எடுத்துக் கொடுப்பதற்காக இரவும் பகலும் விழித்திருக்கும் இந்தக் கணினிக்கு சர்வர் என்று பெயர். தமிழில் வழங்கி என்பார்கள். பொருத்தமான சொல்தான்.

உலகின் முதல் இணையதளமும் ஒரு மேசைக் கணினியில்தான் இருந்தது. சுவிட்சர்லாந்தின் ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ் லீ அதை வைத்திருந்தார். 1990 வாக்கில் அந்தக் கணினியின் மேல் ஒரு சீட்டு ஒட்டி, 'இந்த இயந்திரம் ஒரு சர்வர், இதை அணைக்காதீர்கள்' என்று சிவப்பு மையில் கையால் எழுதிவைத்தார். யாராவது வீட்டுக்குப் போகும்போது விளக்கோடு சேர்த்து அதையும் அணைத்துவிட்டால் உலகத்தில் இருந்த ஒரே வெப்சைட் போய்விடும். ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு நாம் கொடுக்கும் காசு பெரும்பாலும் அந்தச் சீட்டின் வேலைக்குத்தான்: அணையாமல் பார்த்துக்கொள்ள.

"நம் வீட்டுக் கணினியையே சர்வராக வைத்துக்கொண்டால் என்ன?" என்று சிலர் கேட்பார்கள். வைக்கலாம். மின்வெட்டு வந்தால் கடை மூடிவிடும். வீட்டு இணைப்புக்கு நிறுவனம் தரும் எண் அவ்வப்போது மாறும். வெளியிலிருந்து இருபது பேர் ஒரே நேரத்தில் படம் கேட்டால் வீட்டுப் பிள்ளைகளின் வீடியோ திக்கித் திக்கி ஓடும். கற்றுக்கொள்ளச் செய்து பார்க்கலாம், வியாபாரத்துக்கு ஆகாது.

ஹோஸ்டிங் விளம்பரங்களில் '99.9 சதவீதம் இயங்கும்' என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நமக்குப் பரீட்சை மதிப்பெண் பழக்கம், 99க்கும் 99.9க்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று தோன்றும். கணக்குப் போட்டால், 99.9 என்றால் ஆண்டுக்கு எட்டே முக்கால் மணி நேரம் படுத்துக்கிடக்கலாம். 99 என்றால் மூன்றரை நாளுக்கும் மேல். தீபாவளிக்கு முந்தைய மூன்று நாளாக அது அமைந்தால் அண்ணாச்சி என்ன பாடு படுவார் என்று எண்ணிப் பாருங்கள்.

பெயரைச் சொன்னால் இடம் எப்படித் தெரிகிறது?

கணினிகளுக்குப் பெயர் தெரியாது, எண்தான் தெரியும். இணையத்தில் உள்ள ஒவ்வொரு சர்வரையும் அடையாளம் காட்டும் எண் ஐபி முகவரி. 203.0.113.25 என்பதுபோல் இருக்கும் (இது விளக்கங்களில் காட்டுவதற்கென்றே ஒதுக்கிய எண் தொகுதியைச் சேர்ந்தது, யார் வீட்டுக் கதவையும் தட்டாது). இந்த வகையில் மொத்தம் சுமார் 429 கோடி எண்கள்தான் இருக்கின்றன. மனிதர்களால் எண்ணை நினைவில் வைத்துக்கொள்ள முடியாது என்பதால் பெயர் வந்தது. பெயரை எண்ணாக மாற்றித் தரும் ஏற்பாட்டுக்கு டிஎன்எஸ் என்று பெயர்.

தொடக்கத்தில் எல்லாக் கணினிகளின் பெயரும் எண்ணும் ஒரே ஒரு கோப்பில் இருந்தன. கலிஃபோர்னியாவில் ஓர் ஆய்வு நிறுவனம் அந்தக் கோப்பைப் பராமரித்தது. மற்றவர்கள் நகல் எடுத்து வைத்துக்கொண்டார்கள். ஊர் பெரிதானதும் ஒரு கணக்குப்பிள்ளையால் சமாளிக்க முடியவில்லை. 1983இல் பால் மொக்காபெட்ரிஸ் இந்த வேலையைப் பல இடங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் முறையை வகுத்தார். அதுதான் இன்றும் ஓடுகிறது.

புது ஊரில் வீடு தேடுவதுபோல் நினைத்துக்கொள்ளுங்கள். பஸ் நிலையத்தில் கேட்கிறீர்கள். "அந்தப் பேட்டையா? மூன்றாம் எண் பஸ்ஸில் ஏறி இறங்கிக் கேளுங்கள்" என்கிறார்கள். பேட்டையில் இறங்கி டீக்கடையில் கேட்டால், "அந்தத் தெருவில் கடைசி வீட்டுக்காரருக்கு எல்லாம் தெரியும்" என்கிறார். தெருவில் போய்க் கேட்டால், "பச்சைக் கதவு" என்று பதில் கிடைக்கிறது. டிஎன்எஸும் இப்படித்தான் படிப்படியாகப் போகிறது. முதலில் எல்லாவற்றுக்கும் வேரான சர்வர்கள். ".காம் என்று முடிகிறதா, அங்கே போய்க் கேள்" என்று அவை கைகாட்டும். .காம் பதிவேட்டை வைத்திருப்பவர்கள் "இந்தப் பெயருக்கு இந்தச் சர்வரில் கேள்" என்பார்கள். அந்தச் சர்வர் கடைசியாக எண்ணைச் சொல்லும். இவ்வளவும் நீங்கள் விரலை எடுப்பதற்குள் முடிந்துவிடும்.

ஒரு முறை கேட்டுத் தெரிந்துகொண்டதை வழியில் உள்ளவர்கள் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருப்பார்கள். அதனால்தான் ஹோஸ்டிங்கை மாற்றியவுடன் சிலருக்குப் புதிய தளமும் சிலருக்குப் பழைய தளமும் தெரியும். வீடு மாறிய பிறகும் டீக்கடைக்காரர் பழைய வீட்டையே காட்டிக்கொண்டிருப்பது போல. சில மணி நேரத்தில் சரியாகிவிடும். பதற்றப்பட்டு எல்லாவற்றையும் மறுபடி மாற்றி வைத்துவிடாதீர்கள்.

எண் கிடைத்ததும் உங்கள் உலாவி, அதாவது தளங்களைத் திறந்து காட்டும் குரோம், ஃபயர்ஃபாக்ஸ் போன்ற செயலி, அந்தச் சர்வரின் கதவைத் தட்டிக் கேட்கிறது: "இன்ன பெயருடைய தளத்தைத் தேடி வந்திருக்கிறேன், முகப்புப் பக்கத்தைக் கொடுங்கள்." கேட்பதில் தளத்தின் பெயரையும் சொல்கிறது, கவனியுங்கள். எண்ணை வைத்து வாசலுக்கே வந்தாயிற்று, பிறகு பெயர் எதற்கு? ஒரே சர்வரில், ஒரே எண்ணில், நூற்றுக்கணக்கான தளங்கள் குடியிருக்கலாம். பெயரைச் சொன்னால்தான் எந்த அறைக்கு அனுப்புவது என்று வாசலில் இருப்பவருக்குத் தெரியும். இணையத்தின் கேட்டு வாங்கும் மொழியில் 1990களின் பிற்பாதியில்தான் இது கட்டாயமாயிற்று. மலிவான ஹோஸ்டிங் என்று ஒன்று இருப்பதே இந்தச் சின்ன ஏற்பாட்டால்தான்.

இதுவரை வந்தது: பெயர் (டொமைன்) ஒரு எண்ணைக் காட்டுகிறது, எண் ஒரு கணினியைக் காட்டுகிறது, அந்தக் கணினி உங்கள் கோப்பை எடுத்துக் கொடுக்கிறது. பெயர் எந்த எண்ணைக் காட்ட வேண்டும் என்பதை மாற்றும் உரிமை, அந்தப் பெயரைப் பதிந்தவரிடம் இருக்கிறது. அந்த உரிமை யார் கையில் இருக்கிறதோ அவர்தான் எஜமானர்.

மேன்ஷன், ஃபிளாட், தனி வீடு

கட்டண ஹோஸ்டிங்கில் பல வகைகள் சொல்வார்கள். திருவல்லிக்கேணி மேன்ஷனில் தங்கியவர்களுக்கு முதல் வகையை விளக்கவே வேண்டாம். ஒரு கட்டடம், வரிசையாக அறைகள், பொதுக் குளியலறை, மொட்டை மாடியில் ஒரே தண்ணீர்த் தொட்டி. வாடகை குறைவு. ஆனால் எதிர் அறைக்காரர் ஊரிலிருந்து நாலு விருந்தாளிகளை அழைத்துவந்தால் உங்களுக்குக் குளிக்கத் தண்ணீர் இருக்காது. ஒரே சர்வரைப் பலர் பங்கு போட்டுக்கொள்ளும் பகிர்வு ஹோஸ்டிங் இதுதான். பக்கத்துத் தளத்துக்குத் திடீரென்று கூட்டம் வந்தால் உங்கள் தளமும் மெதுவாகும். சிறிய கடைக்கும் சொந்த எழுத்துக்கும் இது போதும்.

அடுத்தது அடுக்குமாடிக் குடியிருப்பில் ஃபிளாட் போல: கட்டடம் ஒன்றுதான், ஆனால் உங்களுக்கென்று தனி மீட்டர், தனித் தண்ணீர்க் குழாய். விபிஎஸ் என்பார்கள். தனி வீடு வேண்டுமென்றால் முழுச் சர்வரையும் வாடகைக்கு எடுக்கலாம். இவை இரண்டும் இந்தக் கட்டுரையைப் படிக்கிறவர்களில் அநேகருக்கு இப்போதைக்குத் தேவைப்படாது. கூரை ஒழுகினால் நீங்களே ஏறிப் பார்க்க வேண்டிய வீடுகள் அவை.

தேவைப்படும் வேறுபாடு ஒன்று இருக்கிறது. அண்ணாச்சி கடையில் மிட்டாய் ஏற்கெனவே பொட்டலம் கட்டி அடுக்கியிருக்கிறது. கேட்டதும் எடுத்துக் கொடுப்பார். எதிரே இருக்கும் ஓட்டலில் தோசை கேட்டபிறகுதான் ஊற்றுவார்கள். பொட்டலம்போல் தயாராக இருக்கும் பக்கங்களைக் கொண்டது நிலையான தளம். ஒவ்வொருவர் கேட்கும்போதும் தரவுத்தளத்திலிருந்து எடுத்துப் புதிதாகத் தயாரிக்கும் பக்கங்களைக் கொண்டது இயங்குநிலைத் தளம். ஆர்டர் எடுக்கும் கடை, உறுப்பினர் கணக்கு, தளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருள் எல்லாம் இந்த வகை. பொட்டலத்தை எடுத்துக் கொடுக்கச் சர்வருக்குச் செலவு மிகக் குறைவு. தோசைக்குக் கல், மாவு, அடுப்பு, ஆள் எல்லாம் வேண்டும். இலவச ஹோஸ்டிங்கில் எது நம்பத்தக்கது, எது இல்லை என்பது பெருமளவுக்கு இதைப் பொறுத்தே அமைகிறது.

திண்ணை எதற்கு, எவ்வளவு நாளுக்கு?

பழைய வீடுகளில் திண்ணை இருக்கும். வழிப்போக்கர் யாரும் ஓர் இரவு படுத்துக்கொள்ளலாம். காசு கேட்க மாட்டார்கள். ஆனால் அங்கே கடை விரித்து, பெயர்ப்பலகை மாட்டி, 'இன்னார் வீட்டுத் திண்ணை' என்று முகவரியும் அச்சடித்தால் என்ன ஆகும்? வீட்டுக்காரர் பேரனுக்குக் கல்யாணம் என்று பந்தல் போடுவார். திண்ணையை இடித்து கார் நிறுத்தும் இடமாக்குவார். அவரைக் குறைசொல்ல முடியாது. இலவச ஹோஸ்டிங்கின் குறைகளை எல்லோரும் பட்டியலாகப் போடுகிறார்கள்: மெதுவாக இருக்கும், விளம்பரம் வரும், இடம் குறைவு. எல்லாம் உண்மைதான். ஆனால் அவையெல்லாம் தொந்தரவுகள். ஆபத்து வேறொன்று. அதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

முதலில் தொந்தரவுகள். சர்வருக்கு மின்சாரக் கட்டணம் உண்டு, ஆட்களுக்குச் சம்பளம் உண்டு. நீங்கள் கொடுக்காவிட்டால் வேறு யாரோ கொடுக்கிறார்கள். விளம்பரக்காரர் கொடுத்தால் உங்கள் பக்கத்தில் அவர் பலகை தொங்கும். என்ன பலகை என்பது உங்கள் விருப்பம் இல்லை. பிறகு கட்டணத்துக்கு மாறுவீர்கள் என்ற நம்பிக்கையில் நிறுவனமே கொடுத்தால், மாறத் தூண்டும் அளவுக்கு வரம்புகளை வைத்திருக்கும். யாரும் வராத நேரத்தில் தளத்தைத் தூங்கவைத்துவிடும் இலவச சர்வர்களும் உண்டு. அடுத்து வருபவர் கதவைத் தட்டி, அது எழுந்து முகம் கழுவி வரும்வரை வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.

வரம்பு என்று வரும்போது ஒரு கணக்கு. செல்போனில் எடுத்த படம் ஒன்று 4 எம்பி இருக்கும். பொருள் பக்கத்தில் ஐந்து படம் வைத்தால் 20 எம்பி. ஒரு நாளைக்கு நூறு பேர் பார்த்தால் 2,000 எம்பி, அதாவது ஏறக்குறைய 2 ஜிபி. மாதத்துக்கு 60 ஜிபி. இப்படிச் சர்வரிலிருந்து வெளியே போகும் தரவின் அளவைத்தான் பேண்ட்வித் என்ற பெயரில் கணக்கு வைக்கிறார்கள். மாதம் 1 ஜிபிதான் தருவேன் என்கிற இலவச நிறுவனத்தில் முதல் நாள் மதியச் சாப்பாட்டுக்குள் ஒதுக்கீடு தீர்ந்துவிடும். மாதத்தின் மிச்சம் முழுவதும் கதவு சாத்தியிருக்கும். அதே படங்களை 200 கேபிக்குச் சுருக்கினால் மாதத்துக்கு 3 ஜிபி போதும். அண்ணாச்சியின் தளத்தில் வெல்லப்பாகு காய்ச்சும் கொப்பரையின் படம் மட்டும் 7 எம்பி இருந்திருக்கிறது. கட்டண ஹோஸ்டிங்காக இருந்தாலும் படத்தைச் சுருக்குங்கள். 'வரம்பற்ற' என்று விளம்பரம் செய்கிறவர்களும் விதிமுறைகளின் உள்ளே எங்கோ ஒரு வரம்பு வைத்துத்தான் இருப்பார்கள்.

பக்கத்து அறைக்காரர்கள் பற்றியும் சொல்ல வேண்டும். இலவசம் என்றால் மோசடிக்காரர்களும் வருவார்கள். பசிபிக் தீவுக்கூட்டமான டோக்கெலாவுக்கு உரிய .டிகே என்ற முடிவை ஃபிரீநாம் என்ற நிறுவனம் இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஏறக்குறைய 1,500 பேர் வாழும் இடத்தின் பெயரில் உலகெங்கும் கோடிக்கணக்கான முகவரிகள் பதிவாயின. அவற்றில் வங்கிபோல் வேடமிட்ட தளங்கள் ஏராளம். 2023இல், ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனம் வழக்குத் தொடுத்தது தெரியவந்த காலத்தில் புதிய பதிவுகள் நின்றன. 2024இல் ஃபிரீநாம் அந்தத் தொழிலிலிருந்தே விலகுவதாக அறிவித்தது. நேர்மையாக அந்த முடிவில் தளம் வைத்திருந்தவர்களின் கடிதங்களும் பல மின்னஞ்சல் பெட்டிகளில் குப்பைக்குப் போயின. கூடா நட்பு என்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். இங்கே நட்புகூட இல்லை, ஒரே முகவரியில் இருந்ததுதான் குற்றம்.

பாதுகாப்பும் அப்படித்தான். 000வெப்ஹோஸ்ட் என்ற பெயர்பெற்ற இலவச நிறுவனத்திலிருந்து 1.3 கோடிக்கும் மேற்பட்டவர்களின் விவரங்கள் கசிந்தது 2015 அக்டோபரில் வெளியே வந்தது. கடவுச்சொற்களை எந்த மறைப்பும் இல்லாமல் அப்படியே எழுத்தாக வைத்திருந்தார்கள். காசு வாங்குகிற நிறுவனங்களும் கோட்டைவிடுவதுண்டு. ஆனால் காசே வராத வாடிக்கையாளரின் பூட்டை யார் மாற்றுவார்கள்?

ஆபத்து: முகவரி உங்களுடையது இல்லை

1994இல் அமெரிக்காவில் தொடங்கிய ஜியோசிட்டீஸ், யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பக்கம் வைத்துக்கொள்ளலாம் என்று அழைத்தது. வேடிக்கை என்னவென்றால், அவர்களே அதை ஊர்போலத்தான் அமைத்தார்கள். சினிமா ரசிகர்களுக்கு ஹாலிவுட் என்று ஒரு பேட்டை, கணினிக்காரர்களுக்கு சிலிக்கான் வேலி என்று ஒரு பேட்டை. ஒவ்வொருவருக்கும் ஒரு கதவிலக்கம். லட்சக்கணக்கானவர்கள் குடியேறினார்கள். 1999இல் யாகூ 350 கோடி டாலருக்கும் மேல் மதிப்புள்ள பங்குகளைக் கொடுத்து அதை வாங்கியது. அந்த ஆண்டே, பக்கங்களில் உள்ளவற்றின் மேல் நிறுவனத்துக்கு மிகப் பரந்த உரிமை உண்டு என்று விதிமுறையை மாற்றிப் பார்த்து, எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கியது. 2009 அக்டோபரில் ஜப்பான் கிளை தவிர ஊரையே மூடிவிட்டார்கள். ஆர்வலர்கள் கூடி முடிந்ததை நகல் எடுத்துக் காப்பாற்றினார்கள். சரக்கு ஓரளவு மிஞ்சியது; முகவரிகள் எதுவும் மிஞ்சவில்லை. பத்தாண்டுகளாக மற்றவர்கள் கொடுத்திருந்த அத்தனை இணைப்புகளும் வெட்டவெளியைக் காட்டின.

நமக்கு நெருக்கமான ஒன்று. தமிழ் வலைப்பதிவுகளில் மிகப் பெரும் பங்கு கூகுளின் பிளாக்ஸ்பாட்டில் எழுதப்பட்டவை. 2012இல் கூகுள், இந்தியாவில் இருந்து படிப்பவர்களை பிளாக்ஸ்பாட் டாட் காம் என்பதிலிருந்து பிளாக்ஸ்பாட் டாட் இன் என்ற முகவரிக்குத் திருப்பிவிடத் தொடங்கியது. நண்பருக்கு அனுப்ப நகலெடுத்தவர்கள், தங்கள் கட்டுரையில் சுட்டி கொடுத்தவர்கள் எல்லோரும் தெரியாமலே .இன் முகவரியைக் கொடுத்தார்கள். 2020இல் அந்த .இன் பெயர் கூகுளின் கையைவிட்டுப் போய் வேறு யாருடைய பெயரிலோ பதிவானது. பதிவுகள் .காமில் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் இன்னும் பழைய கட்டுரைகளில் அந்த .இன் சுட்டிகள் கிடக்கின்றன, எங்கும் போகாமல். எழுதியவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. பெயர் அவர்களுடையது இல்லை, அவ்வளவுதான்.

டொமைனும் முழுச் சொந்தம் இல்லை என்பதையும் இந்தக் கதையே காட்டிவிடுகிறது. அது ஆண்டுக் குத்தகை. ஓர் ஆண்டு முதல் பத்தாண்டு வரை சேர்த்துக் கட்டலாம். கட்டத் தவறினால் சிறிது அவகாசம் தந்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் கட்டிக்கொண்டிருக்கும்வரை, அந்தப் பெயர் எந்தச் சர்வரைக் காட்ட வேண்டும் என்பது உங்கள் விருப்பம். ஹோஸ்டிங் நிறுவனம் நாளைக்கே மூடினாலும் வேறு இடத்தில் கோப்புகளை ஏற்றி, பெயரை அங்கே திருப்பிவிடலாம். வாடிக்கையாளருக்குத் தெரியக்கூடத் தெரியாது. .காம் பெயருக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் ஆகும். தமிழ் எழுத்திலேயே .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்றும் முடிவுகள் இருக்கின்றன. இன்னும் அதிகம் பேர் கவனிக்கவில்லை.

ஆகவே, இடம் ஓசியில் கிடைத்தால் வாங்கிக்கொள்ளலாம். பெயரை மட்டும் ஓசியில் வாங்கக் கூடாது.

இலவசம் போதும் என்கிற இடங்கள்

கற்றுக்கொள்ள, பரிசோதிக்க, கல்லூரிப் பணிக்கு, கல்யாணப் பத்திரிகைக்கு இலவச ஹோஸ்டிங் தாராளமாகப் போதும். கல்யாணம் முடிந்த பிறகு அந்தப் பக்கத்தை யார் தேடப்போகிறார்கள்? கதை, கட்டுரை எழுதுகிறவர்களுக்கு, பிளாக்ஸ்பாட் முகவரிகளைத் தரும் கூகுளின் பிளாக்கர் இன்றும் நல்ல இடம். அங்கே உங்கள் சொந்த டொமைனை இணைக்கக் கூகுள் தனிக் கட்டணம் எதுவும் கேட்பதில்லை. பொட்டலவகைத் தளங்களுக்கு, நிரல் எழுதுகிறவர்கள் தங்கள் நிரல்களைச் சேர்த்துவைக்கும் கிட்ஹப் தளத்தின் கிட்ஹப் பேஜஸ் சேவை இருக்கிறது. தளம் 1 ஜிபிக்குள், மாதப் போக்குவரத்து 100 ஜிபிக்குள் என்று பெரிய மனதோடுதான் கொடுக்கிறார்கள். ஆனால் இணையக் கடை நடத்த இதைப் பயன்படுத்தக் கூடாது என்று விதியிலேயே சொல்லியிருக்கிறார்கள். விதிமுறையைப் படிக்காமல் ஏறி உட்கார்ந்துவிட்டு, எழுப்பும்போது சண்டை போடுவதில் பயனில்லை.

எங்கே வைத்தாலும் பேக்கப், அதாவது தளத்தின் மொத்தக் கோப்புகளின் இன்னொரு நகல், உங்கள் கையில் இருக்க வேண்டும். இலவச நிறுவனங்கள் பலவற்றில் இந்த வசதி இருக்காது, அல்லது அதற்கு மட்டும் காசு கேட்பார்கள். மாதம் ஒரு முறை இறக்கி ஒரு பென்டிரைவில் போட்டால் போதும்.

அண்ணாச்சியின் கடைக்கு என்ன ஆயிற்று

அந்த இலவச நிறுவனத்துக்கு மூன்று மின்னஞ்சல் அனுப்பினோம். பதில் இல்லை. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற அமைப்பு 1996 முதல் இணையப் பக்கங்களை நகலெடுத்துச் சேர்த்துவருகிறது. அங்கே தேடியதில் அவர் தளத்தின் இரண்டு பக்கங்கள் அகப்பட்டன. அவர் அப்பா கடை தொடங்கிய கதை முழுதாகக் கிடைத்தது. விலைப்பட்டியல் பாதி. படங்கள் எதுவும் இல்லை.

புதிதாக ஒரு டொமைன் பதிந்தோம். பதிவில் அவர் பெயர், அவர் மின்னஞ்சல், அவர் போன் எண். "உங்கள் பெயரில் போடட்டுமா தம்பி, உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும்" என்று அவர் சொன்னபோது பிடிவாதமாக மறுத்துவிட்டேன். நாளைக்கு நானும் வெளியூர் போகலாம். ஹோஸ்டிங்குக்கு மேன்ஷன் வகைதான் எடுத்தோம். முதலாண்டுச் சலுகை விலையைப் பார்த்து அவர் மகிழ்ந்துபோக, அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த இரண்டாம் ஆண்டு விலையைக் காட்டினேன். இரண்டரை மடங்கு. "நம் சரக்கு விலையை இப்படிப் பொடியாக எழுதினால் வாடிக்கையாளர் சும்மா விடுவாரா?" என்றார். பெயரை ஒரு நிறுவனத்திலும் இடத்தை இன்னொன்றிலும் வைத்தோம், ஒன்றோடு சண்டை வந்தாலும் மற்றது கையில் இருக்கட்டும் என்று.

கொப்பரைப் படத்தை மறுபடி எடுத்தோம். இந்த முறை 180 கேபி.

சிக்கியது வேறிடத்தில். 2020இல் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்த உற்சாகத்தில் அண்ணாச்சி நிறைய அட்டைப்பெட்டி அச்சடித்து வைத்திருந்தார். ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் அந்த நீண்ட பழைய முகவரி. தட்டினால் சீட்டாட்ட விளம்பரம் வரும். மீதி இருந்த பெட்டிகளில் புதிய முகவரியை ஸ்டிக்கராக ஒட்ட அவர் வீட்டில் நான்கு பேர் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தார்கள். ஸ்டிக்கருக்கும் பசைக்கும் ஆன செலவு, இரண்டு ஆண்டு டொமைன் கட்டணத்தைவிட அதிகம் என்று அவரே கணக்குப் போட்டுச் சொன்னார்.

டொமைனைப் புதுப்பிக்க வேண்டிய தேதியை எங்காவது குறித்துவைக்கச் சொன்னேன். அது அடுத்த ஆண்டுத் தேதி. கடையில் தொங்கும் நாள்காட்டியில் அந்தத் தாளே இல்லை. எழுந்து போய் பீரோக் கதவைத் திறந்தார். உள்பக்கத்தில் சிலிண்டர் பதிந்த தேதிகள், எல்ஐசி பிரீமியம், வீட்டுத் தீர்வை எல்லாம் வரிசையாக எழுதியிருந்தது. அதற்குக் கீழே இடம் பார்த்து, 'டொமைன்' என்று பெரிதாக எழுதி, இரண்டு கோடு போட்டார்.